நல்ல காதைக் காட்டினேன்

தலையணை உறையில் ஒரு மஞ்சள் கறை. துவைத்தால் போனது, சில நாளில் திரும்ப வந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று முதலில் நினைத்தேன். வாடை வேறு மாதிரி இருந்ததால், என் வீட்டுக்காரரின் தலையணை மாறிவிட்டதோ என்றும் சந்தேகப்பட்டேன். அவர் மேல் பழி போடுவது எனக்கு எப்போதும் சுலபம். பதில் பேச மாட்டார்.

கறை என் இடது காதிலிருந்துதான் வந்தது. சின்ன வயதில் சளி பிடிக்கும்போதெல்லாம் சீழ் வடிந்த காது அது. பஞ்சு வைப்போம், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவோம், நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது, 2009 வாக்கில் மறுபடி கிளம்பியது. செல்போனை அந்தப் பக்கம் வைத்தால் பேசுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். காது இரண்டு இருப்பது பிறகு எதற்கு?

காதில் சீழோடும் கையில் அரசாங்கக் காப்பீட்டு அட்டையோடும் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்டதில் பாதி நோயால். மீதி, என்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற என் கெட்டிக்காரத்தனத்தால்.

எங்களுக்குத் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குத் தெற்கே திராட்சைத் தோட்டம். தோட்டம் என்றதும் பண்ணையார் வீடு என்று நினைத்துவிட வேண்டாம். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த சின்னப் பந்தல், ஒரு ஏக்கர்கூட இல்லை. கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் வீட்டுக்காரர் வேலை. வியாபாரியோடு பேசுவது என் வேலை. அவரைப் பேசவிட்டால் பழத்தைக் கொடுத்து, கூடையையும் கொடுத்து, வழியனுப்பியும் வைப்பார்.

அந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் போட்டோ பிடித்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். (வசதி குறைந்த குடும்பங்களின் ஆபரேஷன் செலவை, காப்பீட்டுக் கம்பெனி மூலமாக அரசாங்கமே கட்டிவிடும் திட்டம். பட்டியலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும்.) தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லைப் பார்ப்பேன், வாலையும் தூக்கிப் பார்ப்பேன். அப்படித்தான் வளர்ந்தேன்.

அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் அட்டை என்று ஒன்று கைக்கு வந்தபிறகு, குளிர்சாதனம் போட்ட ஆஸ்பத்திரி வாசலை ஒருதரமாவது அதோடு மிதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

வீம்பு நல்ல அலைச்சலில் கொண்டுபோய் விட்டது. ஓரிடத்தில் அட்டை செல்லும், காது டாக்டர் கிடையாது. இன்னோரிடத்தில் காது டாக்டர் உண்டு, அட்டை செல்லாது. மூன்றாவது இடத்தில் இரண்டும் உண்டு, ஆனால் அட்டையைத் தேய்க்கிற மெஷின் ரிப்பேர். அந்த மெஷின் எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது சொல்ல முடியாதுக்கா" என்றாள். எனக்கென்னவோ அந்த மெஷின் ரொம்ப ஆரோக்கியமாக இருப்பதாகத்தான் பட்டது.

அட்டையை எடுத்ததும் கவுண்டர்களில் குரல் மாறுவதையும் கவனித்தேன். அதுவரை 'வாங்க, உட்காருங்க' என்றவர்கள் 'அங்கன நில்லுங்க' என்றார்கள். எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. நல்ல பழம் இருந்தால் வியாபாரி தோட்டம் தேடி வருவான். அடிபட்ட பழத்தைத்தான் ரோட்டில் கூவி விற்க வேண்டும். அப்படியானால் அட்டையை வேண்டாம் என்கிற டாக்டர் நல்ல டாக்டர். வாங்கிக்கொள்கிற டாக்டர்? கூட்டம் இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பேரையும் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சோதனை எங்கள் தோட்டத்து முறைதான். புது வியாபாரி வந்தால் முதலில் அவனை நல்ல வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். கொத்து நிறைந்து, பழம் ஒரே அளவாக, கறுப்பேறித் தொங்கும் வரிசை. நேர்மையான ஆள் பார்த்ததும் 'பழம் நல்லாருக்கு, மத்ததக் காட்டுங்க' என்பான். விலையைக் குறைக்க வந்தவன் அதிலும் நொட்டை சொல்வான். வெடிப்பு, புளிப்பு, காம்பு காய்ஞ்சிருக்கு என்பான். நல்லதையே குறை சொல்கிறவனுக்குத் தோட்டத்தைக் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப்பிள்ளைகள்கூடச் சொல்லும்.

ஆகவே டாக்டர்களிடம் நான் என் நல்ல காதைக் காட்டினேன்.

முதலில் கம்பத்தில் மாலை நேரம் மட்டும் வந்து பார்க்கிற, அட்டை வாங்காத டாக்டர். "வலது காதுல என்னமோ பண்ணுது சார்" என்றேன். இடது காதில் பஞ்சு இல்லாமல், முந்தானையால் மூடிப் போயிருந்தேன். அவர் விளக்கு வைத்து வலது காதைப் பார்த்தார். "சவ்வு உள்ள இழுத்துக்கிட்டு இருக்கும்மா. இப்படியே விட்டா பின்னாடி தொந்தரவு வரும். அந்தக் காதையும் காட்டுங்க" என்றார். (சவ்வு என்பது காதுக்குள் பறையின் தோல்போல் கட்டியிருக்கும் மெல்லிய தோல். காற்றழுத்தம் குறைந்தால் உள்பக்கமாக ஒடுங்கிப்போகும்.) நான் எழுந்துகொண்டேன். ஒரு வலி இல்லை, ஒரு சொட்டுச் சீழ் இல்லை, எறும்பு நடந்தால் கேட்கிற காது. அதற்கே தொந்தரவாம்.

அடுத்து தேனியில், பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி. அங்கே மெஷின் வேலை செய்தது, அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. டாக்டர் நாற்பது வயதுக்குள் இருப்பார், சட்டைப்பையில் மைக்கறை. அவரும் வலது காதைப் பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கச் சொல்லி மறுபடி பார்த்தார். முன்னவர் சொன்னதையே அச்சுப் பிசகாமல் சொன்னார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "இதை அப்புறம் பார்ப்போம். வாடை அந்தக் காதுல இருந்துதான் வருது. அதைக் காட்டுங்க" என்றார்.

எனக்குச் சுரீரென்று வந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் வாடை என்கிறார். "அது நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"ஒரு அட்டைக்கு ரெண்டு காதையும் அறுக்கப் பாக்குறாக. அரசாங்கத்துக்கிட்ட ரெண்டு தரம் வாங்கலாம்ல?" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பொரிந்தேன். "முன்ன பாத்தவரும் இவரும் கூட்டு. இல்லாட்டி ரெண்டு பேரும் ஒரே மாதிரி எப்படிச் சொல்லுவாக?"

அவர் கடலை உரித்துக்கொண்டே வந்தார். "ஒரே மாதிரி இருந்தா ஒரே மாதிரிதேன சொல்லுவாக" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஒரு கவாத்திலிருந்து அடுத்த காய்வெட்டு வரை, நாலு மாதத்துக்கு மேல், நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். சீழ் குறைந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பிறகு தலை சுற்ற ஆரம்பித்தது. பந்தலுக்கு அடியில் அண்ணாந்து கொத்தைப் பார்த்தால் கல்தூண்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. ரத்தக்குறைவு என்று பேரீச்சம்பழம் தின்றேன்.

ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடது பாதி என்னோடு சேராமல் தொங்கியது. கண்ணை மூடினால் வலது கண் மூடியது, இடது கண் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. நான் பயந்தேன். அவரைக் கூப்பிட்ட குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

முகவாதம், பத்தியம் இருந்தால் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தேனிக்குக் கிளம்பு."

"அந்தாளுகிட்டயா? அவரு ஒரு..."

"அவருதேன் வாடை வருதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. ஏமாத்துறவன் அப்படிச் சொல்லுவானா? சக்கரையாப் பேசுவான்."

இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் கிளம்பினேன்.

இந்தமுறை இடது காதைக் காட்டினேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். கொலஸ்டியடோமா என்றார் (தோல், வளரக் கூடாத இடத்தில் காதுக்குள் வளர்ந்து உருண்டையாகி, சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகும் நோய். புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் பாதையில் மூளை இருக்கிறது). ஓசையைக் கடத்துகிற குட்டி எலும்புகளைத் தின்றாகிவிட்டது. முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குள்தான் ஓடுகிறதாம், அதை நெரிக்கிறது. நடக்கும்போது நம்மைச் சாயாமல் நிறுத்துகிற உள்காதிலும் ஓட்டை போட்டிருக்கிறது.

"உடனே மாஸ்டாய்டு ஆபரேஷன் (காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து நோயைச் சுரண்டி எடுப்பது) பண்ணணும். உயிருக்காகவும் முகத்துக்காகவும்தான் பண்றேன். இந்தக் காது திரும்பக் கேட்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

காப்பீட்டுக் கம்பெனியின் அனுமதிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். படுத்திருந்தாலும் என் புத்தி படுக்கவில்லை. அட்டைக்காரர்களை, டாக்டருக்குப் படிக்கிற பையன்களிடம் விட்டுவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். டாக்டர் வார்டு சுற்ற வந்தபோது கேட்டேவிட்டேன்.

"அட்டைன்னா வேற டாக்டரை விட்டுப் பண்ணுவீகளா?"

"நான்தான் பண்ணுவேன். அட்டைக்கு ஒரு எலும்பு, காசுக்கு ஒரு எலும்பா இருக்கு?" என்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு, "அன்னைக்கு ஏன் வலது காதைக் காட்டினீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். நல்ல வரிசை, நொட்டை சொல்கிற வியாபாரி, எல்லாவற்றையும். கோணல் வாயோடு சொன்னதால் பாதி புரிந்திருக்காது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அது நல்ல காதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அது வலிக்கவில்லை, அவ்வளவுதான். கவுண்டர்ப் பெண்ணை, மெஷினை, இரண்டு டாக்டர்களை, கட்டிய புருஷனின் தலையணையை எல்லாம் சந்தேகப்பட்டேன். வலது காதை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அது சும்மா இருந்ததால் யோக்கியம் என்று நம்பிவிட்டேன். அந்தச் சவ்வும் உள்ளே ஒடுங்கித்தான் இருந்தது. இடது காதிலும் நோய் ஒருகாலத்தில் இப்படிச் சவ்வு ஒடுங்கித்தான் கிளம்பியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆபரேஷன் அன்று பார்க்கிற ஆளெல்லாம் "எந்தக் காது?" என்று கேட்டார்கள். வார்டு நர்ஸ் கேட்டாள், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார், மயக்க மருந்து டாக்டர் கேட்டார். இவர்களுக்கே தெரியாதா என்று எனக்குப் பயம் வந்தது. உங்களிடமும் கேட்பார்கள், பயப்படாதீர்கள். தெரியாமல் கேட்பதில்லை. நோயாளியின் வாயால் வர வேண்டும் என்பது அவர்கள் முறை. நான் ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுக் காட்டி, "எடது, எடது" என்றேன். கடைசியில் டாக்டர் பேனாவால் காதுக்குக் கீழே ஒரு அம்புக்குறி போட்டார்.

விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. கூரை மெல்ல நகர்ந்தது. நாக்கின் இடது பக்கத்தில் இரும்புக் கரண்டியை நக்கியதுபோல ஒரு ருசி, அது மாசக்கணக்கில் போகவில்லை. தூங்கும்போது இடது கண்ணை இமையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள், மூடாத கண் காய்ந்துவிடும் என்பதால். முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் நெற்றியில் ஒரு சுருக்கம், பிறகு கன்னம். பல் துலக்கும்போது தண்ணீர் வாயிலேயே நின்ற அன்று நான் அழுதேன்.

இடது காது திரும்பவில்லை. அதில் இப்போது மௌனம்கூட இல்லை, தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருதரம் கேட்டேன், "அன்னைக்கே காட்டியிருந்தா இந்தக் காது நின்னுருக்குமா?"

"அன்னைக்கு நான் அதைப் பார்க்கலையேம்மா. எனக்குத் தெரியாது" என்றார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், கடிந்தும் பேசியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அந்த மனிதர் சொன்னதில் நான் முதல்முதலாகச் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொண்டது அந்தத் 'தெரியாது' தான்.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் நம்புங்கள் என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். வெளுத்ததெல்லாம் பாலில்லை. அதே ஆஸ்பத்திரியில், அட்டையிலேயே அடங்குகிற மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்லி ஒருவர் சீட்டு நீட்டினார். நான் அந்தச் சீட்டோடு நேராக டாக்டரிடம் போய் நின்றேன், மருந்து தானாக வந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் படுங்கள். அட்டை செல்லுமா என்று கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள், செல்லாது என்றால் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று கேட்காமல் நகராதீர்கள். உள்ளே போனால் மட்டும் இரண்டு காதையும் காட்டுங்கள். கேட்காத காதையும் காட்டுங்கள், கேட்கிற காதையும் காட்டுங்கள்.

இப்போது என் வருடம் வேறு மாதிரி ஓடுகிறது. முன்பு கவாத்து, பூ, காய்வெட்டு என்று கணக்கு. இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரை. வலது காதுக்கு வருடத்தில் இரண்டு தடவை தேனி போக வேண்டும். காலையில் எழுந்ததும் அந்தக் காதருகே இரண்டு விரலை உரசிப் பார்க்கிறேன், சரசரவென்று கேட்கிறது. கேட்டாலும் நம்புவதில்லை.

போனதரம் பார்த்துவிட்டு டாக்டர், "சவ்வு அப்படியேதான் இருக்கு, மோசமாகலை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நீங்க இருக்கற வரைக்கும்" என்றார். நல்ல சேதிதான். ஆனால் இருக்கிற ஒற்றைக் காது, அதுவும் காவலில். படி இறங்கும்போது கால் பின்னியது. வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கம்பம் பஸ்ஸில் நாங்கள் எப்போதும் இடதுபக்க சீட்டில்தான் உட்காருவோம். நான் ஜன்னலோரம், அவர் என் கேட்கிற காதுப் பக்கம். அன்று கூட்டம். வலதுபக்கம்தான் இடம் கிடைத்தது. ஜன்னல் என் வலப்புறம் வந்தது, அவர் செத்துப்போன காதுப் பக்கம்.

வீரபாண்டி தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்து, பஸ்ஸுக்குள் விளக்குப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் வெளியே இருந்த வயல் மறைந்து உள்ளே இருந்த நாங்கள் தெரிந்தோம். கண்ணாடியில் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாட்டு முணுமுணுக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தினார், யோசித்தார், மறுபடி பேசினார். ஒருதரம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். என் காதுகளில் எது கேட்கும், எது கேட்காது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வேறொரு நாளாக இருந்தால் வெடுக்கென்று திரும்பி, 'என்ன சொன்னீக?' என்று பிடித்திருப்பேன். திட்டுகிறாரா, வேண்டுதலா, என்னிடம் மறைத்த ஏதாவதா என்று துருவியிருப்பேன். திரும்பினால் பேச்சு நின்றுவிடும். நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். சின்னமனூர் வந்து யாரோ இறங்க வழி கேட்கும் வரை அவர் பேசினார்.